நடுக்கப் பாட்டு

மலாக்கா காஜா பெராங்கில் கலியாணசுந்தரம் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘ராக்கெட்’ என்று கேட்டால் சைக்கிளை நிறுத்திக் கைகாட்டுவார்கள். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷத்தில், ரஷ்யாக்காரன் வானத்தில் எதையோ சுற்றவிட்டான் என்று பேப்பரில் வந்த மாதம், மேடையில் கிதாரோடு அவர் குதித்த குதியைப் பார்த்து யாரோ கூட்டத்திலிருந்து கத்திய பெயர் அது. அப்போது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. ரேடியோ பழுது பார்க்கிற தொழில். அந்தக் கைவேலையை வைத்தே ஒரு பழைய கிதாருக்கு மின்சாரம் பூட்டி, வால்வு ரேடியோ ஒன்றைப் பிரித்து அதை ஒலிபெருக்கியாக்கியிருந்தார். மலாக்காத் தமிழர்களில் ராக் அண்ட் ரோல் பாடிய முதல் ஆள் தான்தான் என்று சொல்லிக்கொள்வார். மறுத்துச் சொல்ல யாரும் இல்லை.

அவருக்கு டிரம் வாசித்தவர் அப்பு. மலாக்காச் செட்டி வீட்டுப் பிள்ளை. நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். செட்டிகள் குடியிருந்த அந்தக் கம்பத்தில், அந்தச் சின்னக் கிராமத்தில், எல்லாருமே அப்படித்தான். சாமிக்கும் உறவுக்கும் சாப்பாட்டுக்குமாகக் கொஞ்சம் தமிழ்ச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கும், மற்றதெல்லாம் மலாய். ஜப்பான்காரன் காலத்தில் இரண்டு பேரும் ஒரே ஜோகெட் ஆட்ட மேடையில் வாசித்துப் பழக்கம். பிறகு கிளேபாங் கடற்கரையில் ஒரு மீன் கொட்டகையில் ஒத்திகை பார்த்து ‘கிளேபாங் ராக்கர்ஸ்’ என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். இருவரும் பேசுவது எப்போதும் மலாயில். பாட்டு மட்டும் தமிழில். அர்த்தம் தெரியாமலே அப்பு ஒரு வார்த்தை பிசகாமல் பின்பாட்டும் பாடுவார்.

மெர்டேக்கா கொண்டாட்டத்தில் அவர்கள் பாடியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடலோரத் திடலில் வெளிச்சம் போட்டு, லாரியையே மேடையாக்கி வைத்திருந்தார்கள். தோட்டங்களிலிருந்து லாரி லாரியாகச் சனம். கலியாணசுந்தரத்தின் தம்பி பொன்னையா டுரியான் துங்கால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், அவரும் லாரி மேல் ஏறி “இனிமே நமக்குத் துரை கிடையாது!” என்று தொண்டை கிழியக் கத்தினார். கலியாணசுந்தரம் விடியப் போகிறது என்று ஒரு பாட்டைச் சொந்தமாகக் கட்டிப் பாடினார். இனி புது நாடு, புது நாட்டுக்குப் புதுப் பாட்டு வேண்டும், நம்மைத்தானே கூப்பிடுவார்கள் என்று அவரும் அப்புவும் மனதார நம்பினார்கள்.

கூப்பிடவும் செய்தார்கள். நாலைந்து வருஷம். கல்யாணம், காதுகுத்து, தொழிற்சங்க ஆண்டு விழா, கேளிக்கைப் பூங்காவில் கொட்டகை மேடை. அதற்குள் துரைமார் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். வாங்கியவன் புதுத் துரை. அவனுக்குப் பழைய ஆட்கள் வேண்டியிருக்கவில்லை. பொன்னையா பெட்டியும் படுக்கையுமாகக் குருபோங்கில் யார் வீட்டுப் பின்னாலோ தகரம் அடித்துக் குடியிருந்தார். ஊருக்குள் டெலிவிஷன் வந்தது. இறுக்கக் கால்சட்டையும் கூர்மூக்குச் சப்பாத்துமாகப் பையன்கள் கிதார் பிடித்தார்கள். மேடை ஏற்பாடு செய்கிற கணேசமூர்த்தி ஒரு நாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. உங்களப் பாத்தா எங்கம்மாவுக்குப் புடிக்குது. அதான் இப்போ சுசாவே, கஷ்டம்.”

அறுபத்தாறாம் வருஷம் கலியாணசுந்தரத்துக்கு ஐம்பது வயது. காலையில் விரல் மூட்டுகள் வீங்கியிருக்கும். வெந்நீரில் முக்கி எடுத்தால்தான் திருப்புளி பிடிக்க வரும். அதைவிடப் பெரிய கஷ்டம் அப்புவுக்கு வந்தது. கை ஆட ஆரம்பித்தது. முதலில் தூக்கமின்மை என்றார்கள். பிறகு ஆஸ்பத்திரியில், இது நரம்பில் வருவது, கூடிக்கொண்டே போகும், இனிமேல் டிரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கோப்பிக்கடையில் ஒரு மாலை. அப்பு கோப்பியை எடுத்தார். பாதி வாய்க்குப் போயிற்று, பாதி சட்டையில் கொட்டியது. அப்பு சட்டையைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலியாணசுந்தரமும் பார்க்காத மாதிரி இருந்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்து அன்றைக்கே ஒரு பாட்டை ஆரம்பித்தார். மூன்று சரணம். முடிக்க ஒரு மாதம் ஆயிற்று.

பாடிக் காட்டிய முதல் ஆள் மனைவி பாக்கியலட்சுமி. அவர் மீன் கழுவிக்கொண்டே கேட்டார். கடைசிச் சரணத்தில் கழுவுவதை நிறுத்தினார். பிறகு, “அப்பு அண்ணனுக்குப் பாடிக் காட்டுங்க” என்று மட்டும் சொன்னார்.

அப்பு, புருஷனை இழந்த தங்கை மீனாச்சியோடு கம்பத்தில் இருந்தார். கலியாணசுந்தரம் கிதாரை மடியில் வைத்து, கம்பியை அழுத்தாமல் மெதுவாகத் தட்டி, நடை போகிற மாதிரி தாளத்தில் பாடினார்.

*தலைமுடிக்குச் சாயம் போட்டேன் தம்பி,*
*தாடி காட்டிக் குடுத்திருச்சு.*
*ஓடி ஏறின மேடைப் படி*
*உக்காரச் சொல்லி இழுக்குதுடா.*

*கம்பி புடிச்ச கை இப்போ*
*கரண்டி புடிக்க நடுங்குது.*
*கோப்பி குடிச்சா சட்டைக்கும் கொஞ்சம்*
*குடுத்துட்டுத்தான் குடிக்குது.*

“ஆப்பா மக்னா?” என்றார் அப்பு. என்ன அர்த்தம் என்று கேட்டார்.

கலியாணசுந்தரம் முதல் சரணத்தை மலாயில் சொன்னார். அப்பு சிரித்தார். இரண்டாவதையும் சொன்னார். அப்பு தன் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

“இது என் கைதானே?”

“நம்ம ரெண்டு பேர் கையும்தான்.”

“ம். இன்னும் இருக்கா?”

“இருக்கு.”

*விடியும் விடியும்னு பாடினோம்,*
*விடிஞ்ச வெளிச்சத்துல தேடினோம்.*
*கூடப் பாடின கூட்டத்துல*
*எங்க மூஞ்சியக் காணலியே.*
*ஏமாந்தோம்னு சொல்லவும் வெக்கம்,*
*யாரு ஏமாத்தினா தெரியலியே.*

இதற்கு அர்த்தம் கேட்கவில்லை அப்பு. “இதை மட்டும் இன்னொரு தடவை பாடு” என்றார். பாடினார். தொடைக்கடியிலிருந்து கையை எடுத்து மேசையில் தாளம் போட்டுப் பார்த்தார் அப்பு. கை தன் இஷ்டத்துக்கு ஆடியது. ஆனால் தாளம் விழ வேண்டிய இடத்தில் எப்படியோ ஒரு விரல் விழுந்தது. பாட்டு முடிந்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது. துடைக்கக் கையை எடுத்தால் கை மூக்கில் இடிக்கும் என்று அப்படியே விட்டுவிட்டார்.

“ஜாங்ஙான், கல்யா” என்றார். “இதை ஆளுங்க முன்னாடி பாடாதே.”

“ஏன்?”

“ஆளுங்க உன்கிட்ட எதிர்பாக்குறது வேற.”

கலியாணசுந்தரம் கேட்கவில்லை. பத்து வருஷத்தில் அவர் கட்டிய பாட்டுகளில் இதைப்போல ஒன்று அமைந்ததில்லை. இதைக் கேட்டால் சனம் உட்கார்ந்து அழும் என்று அவருக்கு உறுதியாகத் தோன்றியது. அந்தத் தீபாவளிக்குப் பூங்கா மேடையில் வெரைட்டி ஷோ. கணேசமூர்த்தியைத் தேடிப் போய்க் கேட்டார். பழைய ஆள் ஒருத்தர் ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் போகட்டும் என்று அவரும் சம்மதித்தார். பின்னணிக்குத் தியாகுவின் ‘ஃபைவ் கிங்ஸ்’ குழு. தியாகுவுக்கு இருபத்துநாலு வயது, நல்ல விரல். கலியாணசுந்தரத்தை மாமா என்று கூப்பிடுவான்.

மேடைக்காக அவர் நிஜமாகவே தலைக்குச் சாயம் போட்டிருந்தார். “தலைமுடிக்குச் சாயம் போட்டேன் தம்பி” என்று தொடங்கியதும் கூட்டம் அவர் தலையைப் பார்த்தது. ஒரு விசில். பிறகு சிரிப்பு. அவர் கால்சட்டை எங்காவது கிழிந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தார். அதற்கும் சிரித்தார்கள். இரண்டாவது சரணத்தில் சட்டைக்குக் கோப்பி கொடுக்கிற இடத்தில் முன்வரிசைப் பெண்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து சிரித்தார்கள். மூன்றாவதைப் பாடினார். பாடியது அவருக்கே கேட்கவில்லை. இறங்கப் போனவரை “ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!” என்று நிறுத்தினார்கள்.

திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை பயத்தில் மைக் பிடித்த கை நடுங்கியது. கூட்டம் அதைக் கண்டுகொண்டு கொட்டகையே அதிரச் சிரித்தது. கை இன்னும் கொஞ்சம் ஆடியது. அதை அவர் யோசித்துச் செய்யவில்லை. சிரிப்பு வந்த பக்கம் கை போயிற்று.

வீட்டுக்கு நடந்து வரும்போது பாக்கியலட்சுமி முன்னால் போய்க்கொண்டிருந்தார். கதவைத் திறந்தபோதுதான் கேட்டார்.

“மூணாவதுல என்னா சிரிப்பு இருக்கு?”

“மூணாவது யாருக்கும் கேக்கல பாக்கியம்.”

“கேக்கற வரைக்கும் நின்னிருக்கலாம்ல.”

“கைதட்டுனாங்க. நீ பாத்தியா இல்லியா? எத்தன வருஷமாச்சு.”

மறுநாள் காலையிலேயே கணேசமூர்த்தி கடைக்கு வந்துவிட்டார். “ஹிட்டுண்ணே!” என்று கலியாணசுந்தரத்தின் தோளைக் குலுக்கினார். “இம்புட்டுக் கொமெடியை உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டா இத்தன நாளா விடியும் விடியும்னு கத்திக்கிட்டு இருந்தீங்க?” அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ஒரு கைத்தடி கொடுத்தார்கள். வெள்ளை முடியில் டோப்பா. தியாகு தாளத்தை இரண்டு மடங்கு வேகமாக்கி டுவிஸ்ட் ஆடுகிற மாதிரி மாற்றினான். மூன்றாவது சரணம் நீளம் என்று எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் கை நடுக்கம். கைத்தடி ஆடும், கை ஆடும், தலை ஆடும், கடைசியில் முழு ஆளும் ஆடிக் கீழே விழ வேண்டும். தியாகு வந்து தூக்கிவிட வேண்டும்.

கலியாணசுந்தரம் ஒவ்வொன்றுக்கும் முதலில் மாட்டேன் என்றார். பிறகு சரி என்றார். செமாபோக்கில் பாடினார், தம்பினில் பாடினார், மூவார் வரை போய்ப் பாடினார். சிங்கப்பூரில் இசைத்தட்டுப் போட்டார்கள். மேலட்டையில் டோப்பாவும் கைத்தடியுமாக அவர் படம். ‘நடுக்கப் பாட்டு – ராக்கெட் தாத்தா’ என்று பெயர். ரேடியோவிலும் வந்தது. அது வரும்போதெல்லாம் பாக்கியலட்சுமி அடுப்பை விட்டு வந்து ரேடியோவை அணைத்துவிட்டுப் போவார். சண்டை போடவில்லை. அணைப்பார், அவ்வளவுதான். தெருவில் பார்த்தவர்கள் கையை ஆட்டிக் காட்டி வணக்கம் சொன்னார்கள். முதல் மாதங்களில் அது அவருக்கு இனித்தது. இனித்தது என்பதை மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை.

அப்புவைப் பார்க்கப் போவது குறைந்தது. போனாலும் பாட்டைப் பற்றி அவர் எடுக்கமாட்டார். அப்புவும் கேட்கவில்லை. கம்பத்தில் எல்லார் வீட்டு ரேடியோவிலும் அது ஓடிக்கொண்டிருந்தபோது அப்புவுக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்? ஆனால் ரேடியோவில் கை தெரியாது. கலியாணசுந்தரம் அந்த ஒரு நினைப்பில் நிம்மதியாக இருந்தார்.

அறுபத்தேழு ஆகஸ்டில் மெர்டேக்காவுக்குப் பத்து வருஷம். ஊரெல்லாம் கொடி. காஜா பெராங்கிலேயே திடலில் மேடை போட்டு, மாலையில் கலை நிகழ்ச்சி வைத்தார்கள். மலாய், சீனம், தமிழ் என்று மூன்று இனத்து ஆட்டமும் முடிந்து, கடைசியாக ராக்கெட் தாத்தா. கலியாணசுந்தரம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்ததுமே கூட்டம் ஆரம்பித்துவிட்டது. முதல் சரணம் போயிற்று. இரண்டாவதற்கு வரும்போதுதான் முன்வரிசையைப் பார்த்தார். மீனாச்சி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், கழுத்துப் பொத்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டையில், அப்பு.

அந்த இடத்தில் அவர் கையை ஆட்டாமல் இருந்திருக்கலாம். கைத்தடியைக் கீழே போட்டிருக்கலாம், இருமலாம், வார்த்தை மறந்த மாதிரி நின்றிருக்கலாம். பிறகு பல நாள் இதையெல்லாம் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தார். ஆனால் அன்றைக்குக் கூட்டம் ஒரே குரலில் “நடுங்குது... நடுங்குது...” என்று அவருக்கு முன்னாலேயே பாடிக்கொண்டிருந்தது. கை எழுந்தது. ஆடியது.

அப்புவுக்கு அடுத்த நாற்காலியில் வெளியூர்க்காரர் ஒருவர். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியவர் பக்கத்து ஆளின் மடியில் ஆடுகிற கையைப் பார்த்தார். அவரும் சேர்ந்து நடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ. “ஏய், இங்க பாரு, இன்னொரு ராக்கெட்!” என்று பின்வரிசைக்குக் காட்டினார். பின்வரிசை எழுந்து பார்த்துச் சிரித்தது. அப்பு கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். பையும் ஆடியது. மீனாச்சி அவரைப் பிடித்து எழுப்பினார். இருவரும் வரிசையை விட்டு வெளியே போவதற்குள் கலியாணசுந்தரம் மேடையில் கீழே விழ வேண்டிய இடம் வந்தது. விழுந்தார். தியாகு தூக்கிவிட்டான்.

மறுநாள் காலையில் கம்பத்துக்குப் போனார். மீனாச்சி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

“நிறைய ஆளுங்க வந்திருந்தாங்க, கல்யா” என்றார் அப்பு. “திடல் நிரம்பிருச்சு.”

“அப்பு, நான் வேணும்னு...”

“நல்லா செஞ்சே. சனத்துக்குப் பிடிச்சிருக்கு.” மடியில் ஆடிய தன் கையைப் பார்த்தார். “ஆனா ஒண்ணு. எனக்கு இடது கைதான் முதல்ல ஆடும். நீ வலதை ஆட்டினே.”

அப்பு கோபத்தில் சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா, இல்லை மேடைக்காரன் மேடைக்காரனுக்குச் சொல்கிற திருத்தமாகவே சொன்னாரா என்று கடைசி வரை கலியாணசுந்தரத்துக்குப் புரியவில்லை. அப்பு முகத்தில் எதுவும் இல்லை. அந்த வியாதியில் முகமும் இறுகிப்போகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மீனாச்சி இரண்டு கோப்பி கொண்டுவந்து வைத்தார். அப்பு தன்னுடையதைத் தொடவில்லை.

செப்டம்பர் கடைசியில் அப்பு கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. படுத்த படுக்கையில் சளி கட்டி, மழைக்காலம் பிடிப்பதற்குள் இறந்துபோனார். கலியாணசுந்தரம் கம்பத்து ஆட்களோடு தோள் கொடுத்துத் தூக்கினார். வழியில் யாரோ ஒரு பெண் “அது ராக்கெட் தாத்தாதானே?” என்று கேட்பது அவர் காதில் விழுந்தது. டோப்பா இல்லாமலும் இப்போது அடையாளம் தெரிகிறது.

அந்த வருஷத் தீபாவளி ஷோவுக்குக் கணேசமூர்த்தி கூப்பிட்டபோது வருகிறேன் என்றார். கைத்தடியை வீட்டிலேயே வைத்துவிட்டார், டோப்பாவையும். பாக்கியலட்சுமி வேட்டியை மடிப்புப் போட்டு எடுத்துக் கொடுத்தார்.

“மூணும் பாடுவீங்களா?”

“மூணும். அப்பு முன்னாடி எப்படிப் பாடினேனோ அப்படி.”

மேடையில் அவர் தியாகுவிடம், “நீங்க வாசிக்க வேணாம். நான் மட்டும்” என்றார். தியாகுவுக்குப் புரியவில்லை, கொமெடியில் ஏதோ புதுசு என்று நினைத்துத் தலையாட்டினான். கலியாணசுந்தரம் மைக்குக்கு முன்னால் அசையாமல் நின்று, நடை போகிற தாளத்தில், மெதுவாகத் தொடங்கினார்.

கூட்டம் வழக்கம்போலச் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. “குச்சி எங்க தாத்தா?” என்று ஒருவன் கத்தினான். “கையை ஆட்டு!” என்றான் இன்னொருவன். அவர் தொடர்ந்து பாடினார். “கையை ஆட்டு! கையை ஆட்டு!” என்று இப்போது நிறையப் பேர். கச்சான் கடலைத் தோல் வந்து விழுந்தது. பின்னாலிருந்து தியாகு பதறிப்போனான். மாமாவுக்கு வார்த்தை மறந்துவிட்டது, மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அவன் நல்ல எண்ணத்தில்தான் செய்தான். கண்ணைக் காட்டினான், டிரம் வேகத் தாளத்தில் இறங்கியது, கிதார்கள் சேர்ந்துகொண்டன.

கலியாணசுந்தரம் நிறுத்தச் சொல்லத் திரும்பினார். ஆனால் வாய் பாடிக்கொண்டிருந்தது. ஒரு வருஷமாக வாரத்துக்கு வாரம் அந்தத் தாளத்தில் பழகிய வாய். கால் தட்ட ஆரம்பித்தது. இரண்டாவது சரணம் வேகமாக முடிந்தது. சரி, மூன்றாவது இருக்கிறது, அதை இவன்கள் வாசித்ததே இல்லை என்று அதில் நுழைந்தார். மூன்றாவதும் அந்தத் தாளத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அதுதான் அவர் எதிர்பார்க்காதது. *ஏமாந்தோம்னு சொல்லவும் வெக்கம், யாரு ஏமாத்தினா தெரியலியே.* முன்வரிசையில் ஒருவன் எழுந்து தன் பெண்டாட்டியைக் கைநீட்டிக் காட்டினான். கொட்டகை வெடித்தது. அடுத்த தடவை அந்த அடி வந்தபோது எல்லாரும் ஒருவரை ஒருவர் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டு சேர்ந்து பாடினார்கள். “யாரு ஏமாத்தினா தெரியலியே!” புருஷன் பெண்டாட்டியை, மருமகள் மாமியாரை, கடைக்காரர் வாடிக்கையாளரை. ஐந்து தடவை பாடவிட்டார்கள்.

இறங்கியதும் கணேசமூர்த்தி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “இந்த லைனை ஏண்ணே இத்தன நாளா ஒளிச்சு வச்சிருந்தீங்க? தட்டுல இதைச் சேத்திருந்தா எங்கயோ போயிருக்கும்லா!”

“இனிமே நான் பாடல, மூர்த்தி.”

“என்னாண்ணே?”

“பாடல. வேற ஆளைப் பாத்துக்க.”

கணேசமூர்த்தி இரண்டு தடவை கடைக்கு வந்து கெஞ்சிப் பார்த்தார். மூன்றாம் தடவை அவர் வரவில்லை, தியாகு வந்தான். வாசலிலேயே நின்றான்.

“மாமா, கோவிக்கக் கூடாது. அந்தப் பாட்ட என்னைப் பாடச் சொல்றாரு. நீங்க வேணாம்னா நான் பாடல.”

கலியாணசுந்தரம் பிரித்துப் போட்ட ரேடியோவிலிருந்து தலையை எடுக்கவில்லை. “நீ சின்னப் பையன். உனக்கு எப்படி ஒத்து வரும்?”

“டோப்பா போட்டுக்குவேன் மாமா. சின்னப் பையன் கிழவனா ஆடுனா இன்னும் சிரிப்பாங்கன்னு சொல்றாரு.”

“மூணாவது தெரியுமா?”

“மூணும் பாடம் மாமா.”

“அது யாரைப் பத்துனதுன்னு தெரியுமா உனக்கு?”

தியாகு யோசித்தான். “மாமியாரைப் பத்துனதா?” என்றான்.

அவன் குறும்பாகக் கேட்கவில்லை. அவனுக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றியிருந்தது. கலியாணசுந்தரம் அவனை நிமிர்ந்து பார்த்தார். மெர்டேக்கா அன்றைக்கு இவனுக்கு என்ன வயது இருக்கும் என்று நினைத்தார். சொல்லிப் புரியவைக்க ஆரம்பித்தால் தோட்டம், தம்பி, அப்பு, கோப்பி என்று எங்கெங்கோ போகும். “பாடு, போ” என்றார்.

தியாகு பாடினான். அவருடையதைவிட நன்றாக எடுபட்டது.

தை பிறப்பதற்கு முந்தின நாள் மீனாச்சி ஆளனுப்பினார். செட்டி வீடுகளில் அன்றைக்குப் பார்ச்சு. செத்துப்போனவர்களைப் பெயர் சொல்லி அழைத்து, அவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, வாழையிலையில் படைத்துவிட்டு, அவர்கள் சாப்பிடட்டும் என்று வீட்டார் சற்று ஒதுங்கி நிற்பார்கள். போன பார்ச்சு வரை படைக்கிற பக்கம் நின்ற அப்பு இப்போது சாப்பிடுகிற பக்கம் போய்விட்டார். இலையில் தேங்காய்ப்பால் சோறு, வாழைக்காய்ப் பிரட்டல், சம்பால் தடவிப் பொரித்த மீன், ஒரு கிளாஸ் கறுப்புக் கோப்பி.

“அண்ணன் சாகற வரைக்கும் ஒரு பாட்டை முனகிக்கிட்டே இருந்தாரு” என்றார் மீனாச்சி மலாயில். “ரேடியோவுல வர்றது இல்ல. மெதுவா போற ஒண்ணு. நீதான் பாடிக் காட்டினேன்னு சொன்னாரு. எங்க யாருக்கும் அது வராது. அவரு சாப்பிடறப்ப அதைப் பாடுறியா?”

கலியாணசுந்தரம் இலைக்கு முன்னால் நின்றார். வீட்டார் அறை வாசலில் நின்றார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் விரலால் மெதுவாக நடைத் தாளம் போட்டுக்கொண்டு தொடங்கினார். இரண்டாம் அடியிலேயே விரல் டுவிஸ்ட் வேகத்தில் ஓடியது. நிறுத்தினார். மறுபடியும் தொடங்கினார். மறுபடியும் அதே இடத்தில் தாளம் வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டு சரணத்தையும் விட்டுவிட்டு நேரே மூன்றாவதை எடுத்தார். வார்த்தைகள் துள்ளிக்கொண்டு வந்தன. வாசலில் நின்ற பிள்ளைகளுக்கு ரேடியோவில் கேட்ட பாட்டு என்று தெரிந்துவிட்டது. தாளத்துக்குக் கைதட்ட ஆரம்பித்தார்கள். மீனாச்சி அதட்டவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. எது மெதுவானது, எது அண்ணன் முனகியது என்று சரியாகப் பிடிபடவும் இல்லை. இதுதான் போலிருக்கிறது என்று கைகட்டி மரியாதையாக நின்றார்.

அப்பு மேசையில் போட்ட தாளத்தை நினைவுக்குக் கொண்டுவரக் கலியாணசுந்தரம் முயன்று பார்த்தார். மேசை நினைவு வந்தது, கன்னம் நனைந்திருந்தது நினைவு வந்தது. தாளம் வரவில்லை. கடைசி அடியைப் பாதியில் விட்டுவிட்டு நின்றார்.

“சுடா?” என்று கேட்டார் மீனாச்சி. முடிந்துவிட்டதா?

“முடிஞ்சது.”

“தெரிமா காசே” என்று நன்றி சொன்னார் மீனாச்சி. எல்லாரையும் உள்ளே அழைத்துப் பாய் விரித்தார். கலியாணசுந்தரத்தைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, அப்புவின் இலையிலிருந்த மீனை எடுத்து அவர் இலையில் வைத்தார். இந்த மீனுக்கு முள் அதிகம், பார்த்துச் சாப்பிடு என்றார். கலியாணசுந்தரம் தலையைக் குனிந்துகொண்டு, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து இலை ஓரத்தில் வைத்தார்.